"மெதுவாக விடு" என்றால் எவ்வளவு மெதுவாக? தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்வது பற்றி

ஜூன் 3, காலை 9.10 (கேள்வி)

எளிமையாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் சொல்பவருக்கே விஷயம் தெரியாது என்று அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. பல வருடம் கார் ஓட்டியவருக்குக் கிளச் தெரியாதா என்ன? ஆனாலும் புதியவரை ஓட்டவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் "மெதுவாக விடு, மெதுவாக விடு" என்பதற்கு மேல் வாயில் ஒரு வார்த்தை வருவதில்லை. வண்டி ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது. தப்பு எதில்? சொல்லிலா, வரிசையிலா, கற்பவரிடமா?

ஜூன் 3, பகல் 1.40

கற்பவரிடம் இல்லை. "மெதுவாக" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது வேகத்தைச் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை. கிளச் பெடலின் ஓட்டத்தில் அடிப்பகுதியில் ஒன்றும் நடக்காது, மேல்பகுதியிலும் ஒன்றும் நடக்காது. நடுவில் ஒரு சின்ன இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. ஓட்டுகிறவர்கள் ஹாஃப் கிளச் என்பது அந்த இடத்தைத்தான். புதியவர் என்ன செய்கிறார்? அடியிலிருந்து மிக மெதுவாகத் தூக்கி வருகிறார், ஹாஃப் கிளச் வந்து வண்டி அசைந்ததும் "ஆச்சு" என்று காலை எடுத்துவிடுகிறார். மெதுவாக இருக்கத் தேவையில்லாத இடத்தில் மெதுவாகவும், இருந்தே ஆகவேண்டிய இடத்தில் வேகமாகவும் விடுகிறார். நீங்கள் சொன்னதை அவர் செய்துவிட்டார். வண்டி மட்டும் நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லலாம். சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று சுற்றுகிறது. சக்கரம் சுற்றவில்லை. இரண்டையும் உரசும் தட்டு மூலம் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்: பெடலை அழுத்தினால் பிரியும், விட்டால் சேரும். இரண்டையும் ஒரே நொடியில் சேர்த்தால் நிற்கிற சக்கரம் சுற்றுகிற இன்ஜினைப் பிடித்து இழுக்கும், சுற்று குறைந்து இன்ஜின் அணைந்துவிடும். உரசி உரசிச் சேரவிட்டால் சக்கரத்துக்கு வேகம் பிடிக்க நேரம் கிடைக்கும்.

முதல் பாடத்தை இப்படி வைத்துப் பாருங்கள். சமதளமான, ஆளில்லாத இடம். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். பிரேக்கை மிதித்தபடி கிளச்சை முழுக்க அழுத்தி முதல் கியர் போடச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து அதன் மேலேயே தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். இடது குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதத்தை மட்டும் மேலே விடட்டும். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும், பானட் லேசாக நடுங்கும். அங்கே பாதத்தை அப்படியே நிறுத்த வேண்டும். வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுக் கிளச்சை முழுக்க அழுத்திப் பிரேக் போட்டு நிறுத்தட்டும். முதல் பாடம் அவ்வளவுதான். இதையே இருபது முறை.

டீசல் வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் இல்லாமல் ஊரும் பலம் நன்றாகவே இருக்கும். சின்ன பெட்ரோல் இன்ஜின் கொஞ்சம் திணறும், ஆனால் சமதளத்தில் ஊர்ந்துவிடும்.

இதில் "மெதுவாக" என்ற சொல் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் இடத்தில் ஒரு சத்தம் வந்திருக்கிறது. சத்தத்தைப் புதியவரே கேட்கலாம், அதற்குப் பக்கத்து ஆளின் தயவு வேண்டாம்.

ஜூன் 3, இரவு 10.05

எளிமையாகச் சொல்லத் தெரியாதவருக்கு விஷயமே தெரியாது என்ற அந்தப் பழமொழி மாதிரியான வாக்கியத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டேன். அது பாதி உண்மை. புத்தகத்தில் மட்டும் படித்ததற்குப் பொருந்தும். கை பழகிய வேலைக்கு நிலைமை நேர் எதிர்: எவ்வளவு நன்றாகத் தெரியுமோ அவ்வளவுக்கு வாயில் வராது. பழகப் பழக ஒவ்வொரு அடியும் கவனத்திலிருந்து நழுவி உடம்புக்குள் போய்விடுகிறது. நமக்குத் தெரிந்தது நம்மால் சொல்ல முடிந்ததைவிட அதிகம் என்று தத்துவவாதி மைக்கேல் போலானி 1966-இல் எழுதியது இதைத்தான்.

இன்னொன்று. 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது 3. தட்டுகிறவர் காதுக்குள் மெட்டு முழுக்க ஓடுகிறது. கேட்பவருக்கு விழுவது டொக் டொக் மட்டும். "மெதுவாக விடு" அந்த டொக் டொக்தான்.

ஜூன் 4, காலை 7.30 (திருத்தம்)

குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும் என்று எழுதியது எல்லாருக்கும் பொருந்தாது. பெடல் ஓட்டம் நீளமாக இருக்கும் வண்டியிலும், கால் குட்டையாக இருப்பவருக்கும் ஊன்றிய குதிகாலோடு பெடல் முழுக்க அழுந்தாது. கிளச் பாதி அழுந்திய நிலையில் கியர் போட்டால் கறகறவென்று அரைக்கும். முதலில் இருக்கையை முன்னே நகர்த்துங்கள்: பெடல் அடிவரை அழுந்தியிருக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அப்படியும் எட்டவில்லையா, குதிகாலைத் தூக்கி அழுத்திவிட்டு, ஹாஃப் கிளச் வரும் பகுதியில் மட்டும் தரையில் ஊன்றட்டும்.

ஜூன் 4, மாலை 6.15

ஒரு வாசகர் கேட்கிறார்: "இது கிளச்சுக்குச் சரி, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டீர்கள். சால்டரிங் (ஈயத்தை உருக்கி மின்பாகங்களைப் போர்டில் இணைப்பது) சொல்லித்தரும்போது எதைக் குறைப்பது? ஒரு கையில் சூடாகும் அயர்ன், ஒரு கையில் ஈயம், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமே?"

அங்கேயும் குறைக்க இடம் இருக்கிறது. புதியவர் செய்கிற தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, பெயின்ட் அடிப்பதுபோல் கொண்டுபோய்ப் பூசுவது. ஈயக் கம்பிக்குள் இருக்கும், உலோகத்தைச் சுத்தமாக்கி ஈயத்தை ஒட்டவைக்கும் ஃப்ளக்ஸ் வழியிலேயே புகையாகிப் போய்விடும். பூசிய ஈயம் ஒட்டாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும், தட்டினால் கழன்றுவிடும். "அப்படிப் பூசாதே" என்று நூறு முறை சொன்னாலும் கை அதையே செய்யும். மனதில் இருக்கும் படம் பசையின் படம் என்பதால் அப்படி.

அந்தப் படத்தை மாற்றுகிற ஒரு வாக்கியம்: சூடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஈயம் ஓடும். இதைச் சொல்லிவிட்டு ஈயத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வெறும் அயர்னை மட்டும் கொடுத்து, முனை மின்பாகத்தின் கம்பிக்காலையும் போர்டில் உள்ள செம்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, இரண்டு எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். கை சரியாக உட்காரும்வரை இதுதான் பயிற்சி. பழைய, வேண்டாத போர்டில் செய்யட்டும்.

பிறகு ஈயம். 60/40 ஈயக் கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190 டிகிரி வாக்கில் முழுக்க உருகிவிடும். ஆனால் முனையை 320 முதல் 350 டிகிரியில் வைக்க வேண்டும், ஏனென்றால் தொட்ட உடனே செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். முனை ஒரு பக்கம் தொட்டிருக்க, ஈயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து காலில் தொடட்டும். முனையில் தொட வேண்டாம். காலில் தொட்டதும் உருகினால் இணைப்பு சூடாகிவிட்டது என்று அர்த்தம். உருகவில்லை என்றால் இன்னும் ஒரு நொடி. எடுக்கும்போது முதலில் ஈயம், பிறகு அயர்ன். ஈயம் உறையும்வரை இரண்டு மூன்று நொடி பாகம் அசையக் கூடாது.

சரியாக வந்ததா என்பதைப் புதியவரே பார்க்கலாம். அடியில் அகன்று, மேலே காலை ஒட்டிக் குறுகி, சரிவு கொஞ்சம் உள்வளைந்திருந்தால் நல்ல இணைப்பு. பந்துபோல் உப்பியிருந்தால் சூடு போதவில்லை, அல்லது ஈயம் அதிகம். ஈயம் காலில் மட்டும் ஏறி வளையத்தைத் தொடாமல் நின்றால் முனை வளையத்தில் படவில்லை. தப்பின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஈயம் கலந்த கம்பியைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, ஃப்ளக்ஸ் புகை மூக்குக்கு நேராக வரக் கூடாது. இந்த இரண்டும் பாடத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியவை.

ஜூன் 5, காலை 8.00

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று தோன்றியது. கிளச்சிலும் சால்டரிங்கிலும் நான் எளிமையாக்கியது விளக்கத்தை இல்லை, வேலையை. ஆக்ஸிலேட்டரை எடுத்துவிட்டேன், ஈயத்தை எடுத்துவிட்டேன். ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவை குறைந்ததும் நாலு வார்த்தை போதுமானதாகிவிட்டது. வேலையை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் சுருக்கினால் கிடைப்பது "மெதுவாக விடு".

மனம் ஒரே நேரத்தில் எத்தனை பிடித்துக்கொள்ளும் என்பதற்கு உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு, இரண்டு கூடக் குறைய என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அது நான்கு அளவில்தான் என்று வாதிட்டார். பழகியவருக்குக் கிளச், கியர், பிரேக் எல்லாம் சேர்ந்து "வண்டியை எடுப்பது" என்ற ஒரே பொருள். புதியவருக்கு அதுவே ஏழெட்டுப் பொருள்.

சைக்கிளும் அப்படித்தான். பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இருக்கையைப் பாதம் முழுசாகத் தரையில் படும் அளவுக்கு இறக்குங்கள். லேசான சரிவில் காலால் உந்தி உருளட்டும். மிதிப்பது போய்விட்டது, விழும் பயம் போய்விட்டது, மிஞ்சியது சமநிலை மட்டும். அப்போது சொல்ல வேண்டிய வாக்கியமும் ஒன்றுதான்: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பு. காலைத் தூக்கிக்கொண்டு சரிவு முழுக்க உருள வந்துவிட்டால் பெடலைத் திரும்ப மாட்டலாம். மாட்டும்போது ஒன்று: இடது பெடலின் மரை தலைகீழ், அதை வலதுபோல் முறுக்கினால் மரை தின்றுவிடும்.

பின்னாலிருந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் சமநிலையைத் தாங்களே செய்துகொடுத்துவிடுகிறார்கள். கற்பவருக்கு மிஞ்சுவது மிதிப்பது மட்டும், அது அவருக்கு ஏற்கெனவே எளிது.

ஜூன் 5, இரவு 9.20

"உவமை சொன்னால் போதாதா?" என்று ஒருவர். உவமை நல்லதுதான், ஆனால் அது எங்கே அறுந்துபோகும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வினையாகும்.

மின்சாரத்தைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். அழுத்தம் வோல்டேஜ், ஓட்டம் கரன்ட், குறுகிய குழாய் ரெசிஸ்டன்ஸ். அதுவரை சரி. ஆனால் குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும், சுற்றை மூடினால் மின்சாரம் ஓடும். "சர்க்யூட் மூடியிருக்கிறது" என்றதும் மாணவர் தலையாட்டிவிட்டு நேர் எதிராகப் புரிந்துகொள்வார். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், ஒயரை வெட்டினால் ஒன்றும் கொட்டாது, ஓட்டம் நின்றுவிடும். இந்த இரண்டையும் உவமை சொன்ன அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

நிரல் எழுதக் கற்பவருக்கு மாறியை (variable) மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி என்று சொல்வார்கள். எண்ணை வைத்துப் பழகும்வரை சிக்கல் இல்லை. பைத்தான் மொழியில் பட்டியல் வந்ததும் உடைந்துவிடும். அ என்ற பட்டியலை ஆ-வுக்குக் கொடுத்து, ஆ-வில் ஒரு பொருளைச் சேர்த்தால் அ-விலும் அது இருக்கும். பெட்டி இரண்டு என்று நினைத்தவருக்கு இது பேய் வேலை. மாறி என்பது பெட்டி இல்லை, பொருளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஒரே பட்டியலில் இரண்டு சீட்டு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைவிடச் சீட்டு கஷ்டமான உவமையும் இல்லை.

ஜூன் 6, பகல் 12.10

நிறுத்தும்போது "கிளச்சை முழுக்க அழுத்திப் பிரேக் போடு" என்று ஜூன் 3-இல் எழுதியிருந்தேன். ஓட்டுநர் பயிற்சி தருகிற ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார், அவர் சொல்வது நியாயம். ஊர்ந்துபோகும் வண்டிக்கு அது சரி. நல்ல வேகத்தில் அதையே செய்தால் இன்ஜினின் பிடிப்பு விட்டுப்போய் வண்டி பிரேக்கை மட்டும் நம்பி ஓடும், இறக்கத்தில் அது ஆபத்து. வேகத்தில் முதலில் பிரேக், வண்டி நிற்கப்போகும் கட்டத்தில்தான் கிளச்.

முதல் நாள் சொன்ன சுருக்கம் பத்தாம் நாள் கெட்ட பழக்கமாகி நிற்கும். அதற்காக முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சுருக்கத்துக்கு எல்லை போட்டுச் சொல்லலாம்: "முதல் கியரில் ஊரும்போது மட்டும் கிளச் முதலில். ரோட்டுக்குப் போகும்போது வேறு மாதிரி, அன்றைக்குச் சொல்கிறேன்." கற்பவர் மறந்தாலும், அது நிரந்தர விதி இல்லை என்ற நினைப்பு தங்கும்.

ஜூன் 6, பகல் 12.40

விட்டுப்போனது: முதல் பாடத்தில் ஹாஃப் கிளச்சில் மூன்று எண்ணுவதோடு நிறுத்துங்கள். அரை நிமிடம் பிடித்து வைத்தால் தட்டு உரசிச் சூடாகிக் கருகல் வாடை வரும். வாடை வந்தால் நியூட்ரலில் போட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

ஜூன் 7, மாலை 5.50

எதிரில் நின்று காட்டாதீர்கள். முடிச்சு, பின்னல், தையல் என்று கை வேலை எதுவானாலும் எதிரில் இருப்பவருக்கு இடம் வலமாகத் தெரியும். அவர் ஒரு வேலைக்குப் பதில் இரண்டு செய்கிறார்: பார்க்கிறார், மனதில் திருப்புகிறார். பக்கத்தில் ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள்.

ஷூ லேஸ் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு நாள் முழுக்க அவிழ்ந்துகொண்டே இருக்கும், இன்னும் இறுக்கிக் கட்டு என்போம். இறுக்கம் காரணமில்லை. முதல் முடிச்சும் இரண்டாவது முடிச்சும் ஒரே திசையில் சுற்றியிருந்தால் அது தானாகத் திருகித் தளரும். அடையாளம் கண்ணுக்குத் தெரியும்: கட்டி முடித்துக் காதுகளை இழுத்துவிட்டால் அவை ஷூவுக்குக் குறுக்காகப் படுத்திருக்க வேண்டும். விரல் நுனியையும் குதிகாலையும் பார்த்துத் திரும்பிக்கொண்டால் தப்பு. பழகிய இரண்டாம் பகுதியை மாற்ற வேண்டாம். முதல் முடிச்சில் மட்டும் இடதை வலதின் மேல் போடுகிறவர் வலதை இடதின் மேல் போட்டால் போதும்.

ஜூன் 8, காலை 10.30

தையல் மெஷினில் கற்றுக்கொடுக்கும் ஒருவர் எழுதியதை இங்கே சுருக்கித் தருகிறேன். துணிக்கு அடியில் நூல் கொத்தாகக் குவிந்தால் புதியவர் பாபினை (கீழ்நூல் சுற்றிய உருளை) கழற்றி ஆராய்வார், குவிந்தது கீழே என்பதால். ஆனால் கோளாறு பெரும்பாலும் மேலே. நூல் கோக்கும்போது அழுத்துபாதம் இறங்கியிருந்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராமல் மேலோடு போய்விடும். இழுத்துப் பிடிக்க ஆளில்லாத மேல்நூல் கீழே போய்க் குவிகிறது. பாதத்தைத் தூக்கிவிட்டு முழுக்கப் புதிதாகக் கோக்க வேண்டும், மேலும் கீழும் ஆடும் கொக்கியில் நூல் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனை: பாதத்தை இறக்கி மேல்நூலை இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும், தூக்கினால் சுலபமாக வர வேண்டும்.

கோளாறு தெரியும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு என்கிற இந்த வகைத் தப்புகளைத்தான் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றதைப் புதியவர் தானே கண்டுபிடித்துவிடுவார்.

ஜூன் 9, இரவு 8.45

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். "புரிந்தது" என்றுதான் பதில் வரும். புரிந்த மாதிரி இருப்பதும் புரிவதும் உள்ளே இருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். "இப்போது பெடலை இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "சத்தம் இன்னும் இறங்கும், வண்டி குலுங்கும்" என்றால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். "வேகம் கூடும்" என்றால் தட்டு உரசும் விஷயம் மனதில் ஏறவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். உடம்பைக் கவனிக்கச் சொல்வதைவிட, உடம்பு உண்டாக்கும் விளைவைக் கவனிக்கச் சொன்னால் வேலை வேகமாகப் பிடிபடுகிறது. காப்ரியேலே வுல்ஃப் குழுவினர் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் இதைச் சோதித்தார்கள். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிடக் கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். "கணுக்காலைக் கவனி" என்று சொல்லாமல் "சத்தத்தைக் கேள்" என்று சொல்லும்படி நான் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 11, காலை 7.15 (கேள்வி கேட்டவர்)

சமதளத்தில் வண்டி இப்போது ஆஃப் ஆவதில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருள்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைப்பதற்குள் போய்விடுகிறது.

ஜூன் 11, காலை 9.00

மூன்று பெடல், இரண்டு கால். ஒரு பெடலின் வேலையைக் கைக்குக் கொடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி முதல் கியர். வலது கால் ஆக்ஸிலேட்டரில், இன்ஜின் சீராக உறுமும் அளவு, ஏறத்தாழ 1500 சுற்று. கிளச்சை ஹாஃப் கிளச்வரை விடட்டும். அதே சத்தம் வரும், சத்தம் கனத்து இறங்கும், கூடவே பானட் ஒரு இம்மி மேலே எழும். அது எழும்வரை ஹேண்ட்பிரேக்கைத் தொடக் கூடாது. எழுந்ததும் கால் இரண்டையும் அசைக்காமல் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது முன்னே ஊரும். பின்னால் உருண்டால் ஹாஃப் கிளச் இன்னும் வரவில்லை: ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கட்டும். முதல் நாள் பின்னால் வண்டி எதுவும் நிற்காத, சரிவு குறைந்த மேடாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.